பி.ஆப்டம் படிக்க விரும்புவோருக்கு: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது முதல் பணிப் பதிவு வரை

பிளஸ் டூவுக்குப் பிறகு கண் பராமரிப்புத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்காகச் சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப்போகும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். என் மகள் இப்போது பி.ஆப்டம் என்ற ஆப்டோமெட்ரி (பார்வைப் பரிசோதனை) பட்டப்படிப்பின் பயிற்சி ஆண்டில் இருக்கிறாள். அவளைச் சேர்த்தபோது எங்களுக்கு வழிசொல்ல ஆள் இல்லை. பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் தெருவுக்கு ஒருவர் ஆலோசனை சொல்கிறார். ஆப்டோமெட்ரி என்று கேட்டால் "கண்ணாடிக் கடை வேலைதானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, தமிழ்நாட்டிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர் என்னென்ன செய்ய வேண்டும், எந்த நேரத்தில் செய்ய வேண்டும், எங்கே ஏமாறக்கூடும் என்பதை வரிசையாகத் தருகிறேன்.

1. இது என்ன வேலை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் அவருடைய பொறுப்பு. கண்ணாடிக் கடையில் லென்ஸை வெட்டி பிரேமில் பொருத்திக் கொடுப்பவர் ஆப்டீஷியன். இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து கண்ணாடிக்கான பவரைக் கண்டறிவது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, மாறுகண்ணும், பார்வை சரியாக வளராத சோம்பேறிக் கண்ணும் உள்ள குழந்தைகளைச் சோதித்துப் பயிற்சி தருவது, பார்வை பெருமளவு குறைந்தவர்களுக்கு உருப்பெருக்கிகளும் பிற கருவிகளும் தேர்ந்து கொடுப்பது, கண் அழுத்த நோய்க்கோ சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கோ அறிகுறி தெரிந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை அவருடைய வேலைகள்.

மருத்துவமனைக்குள் இந்த வேலையின் கனம் இன்னும் கூடுதல். கண்புரை அறுவைக்கு முன் நோயாளியின் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, உள்ளே வைக்கவேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிட வேண்டும். அந்த நீள அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால், அறுவைக்குப் பிந்தைய பார்வையில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை பிழை வந்துவிடும். அறுவை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் அந்த நோயாளி தடிமனான கண்ணாடியோடுதான் வீட்டுக்குப் போவார். இந்த அளவீட்டைப் பல மருத்துவமனைகளில் ஆப்டோமெட்ரிஸ்டுகள்தான் செய்கிறார்கள்.

நீட் மதிப்பெண் குறைந்துவிட்டதே என்ற வருத்தத்தில் இதற்கு வருகிறவர்களிடம் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். பி.ஆப்டம் முடித்தவர் அங்கிருந்து எம்.பி.பி.எஸ். படிப்புக்குக் குறுக்கு வழியில் போக முடியாது; அறுவையும் செய்ய முடியாது. அறுவை செய்யும் மருத்துவராக வேண்டும் என்பதே உங்கள் பிள்ளையின் விருப்பம் என்றால் இந்தப் படிப்பு அந்த ஏக்கத்தைத் தீர்க்காது. நாள் முழுவதும் மனிதர்களோடு பேசி, பொறுமையாக அளந்து, நுணுக்கமான கணக்கைச் சரியாகப் போடுவதில் நிறைவு காண்பவருக்கு இது நல்ல தொழில்.

2. சேருவதற்கு முன் ஒரு நாள் உள்ளே இருந்து பாருங்கள்

பக்கத்து ஊரில் ஒரு கண் மருத்துவமனை இருந்தால், அங்குள்ள ஆப்டோமெட்ரிஸ்டிடமோ மேலாளரிடமோ நிலைமையைச் சொல்லி, ஒரு காலை வேளை புறநோயாளிகள் பிரிவில் மாணவரை உட்கார அனுமதி கேளுங்கள். முறையாகக் கேட்டால் பலர் மறுப்பதில்லை. வாசிக்கத் தெரியாத பாட்டியிடமும், அசையாமல் உட்கார மாட்டேன் என்கிற நான்கு வயதுக் குழந்தையிடமும், "இந்தப் பவர் சரியில்லை" என்று மூன்றாம் முறையாக வந்து நிற்பவரிடமும் ஒரே நிதானத்தோடு பேச வேண்டியிருப்பதை மாணவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி இருட்டறையில் நடக்கிறது என்பதும் பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

3. பட்டமா, பட்டயமா என்று முடிவு செய்யுங்கள்

பி.ஆப்டம் என்பது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு என்ற முறையில் இதுவரை நடந்துவருகிறது: மூன்று ஆண்டுகள் வகுப்பும் செய்முறையும், ஓர் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. 2021இல் நிறைவேறிய மருத்துவம் சார்ந்த மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய படிப்புகளின் பாடத்திட்டத்தை நாடு முழுவதும் ஒரே சீராக்கும் வேலை நடப்பதால், நீங்கள் சேரும் ஆண்டில் படிப்பின் காலம் எவ்வளவு, நுழைவுக்கு என்ன தகுதி என்பதை அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் மட்டுமே உறுதிசெய்யுங்கள். மூத்த மாணவர் சொன்னது அவர் சேர்ந்த ஆண்டுக்கு மட்டுமே பொருந்தும்.

பட்டயப் படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள். கண் மருத்துவ உதவியாளர் பணிக்கு இது போதும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்தப் பணியிடங்கள் உள்ளன, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அவற்றுக்கு ஆள் எடுக்கிறது. ஆனால் மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை, கற்பித்தல் ஆகியவை மனத்தில் இருந்தால் பட்டமே வேண்டும். பட்டயம் முடித்துவிட்டுப் பிறகு பட்டத்தில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம் என்று சேர்க்கை முகவர்கள் சொல்வதை, குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் எழுத்துப்பூர்வ விதியைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கட்டணம் கட்டவே வழியில்லாத குடும்பத்துப் பெண்களுக்கு இன்னொரு பாதை உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கண் பராமரிப்புப் பணியில் பயிற்சி அளிக்கிறது. இது பட்டம் ஆகாது. ஆனாலும் கடன் வாங்காமல் துறைக்குள் கால்வைக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

4. பட்டம் தருவது யார் என்று பாருங்கள்

கல்லூரியின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, நான்கு ஆண்டு கழித்துக் கையில் வரும் பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமாகவோ ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவோ இருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா, அந்தக் கல்லூரிக்கு இந்த ஆண்டு இந்தப் படிப்புக்கு இணைப்பு அனுமதி இருக்கிறதா என்ற இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஆம் என்று இருந்து இரண்டாவதற்கு இல்லை என்று இருப்பதும் உண்டு. இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும்.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிச் சென்னையிலோ கோவையிலோ ஒரு மாடியில் நடக்கும் "படிப்பு மையம்". மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்த அனுமதி கிடையாது. இரண்டாவது, தொலைநிலை அல்லது இணையவழி ஆப்டோமெட்ரி. மேலே சொன்ன தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2025இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. "வேலை பார்த்துக்கொண்டே பட்டம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது, படிப்பின் பெயரில் இருக்கும் சின்ன வேறுபாடு. பி.ஆப்டம், பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி, கண் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. என்று பல பெயர்களில் படிப்புகள் இருக்கின்றன, எல்லாம் ஒன்று அல்ல. வேலை அறிவிப்புகளிலும் வெளிநாட்டு உரிமத் தேர்வுகளிலும் பட்டத்தின் பெயரையும் பயிற்சி ஆண்டு உள்ளதா என்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள்.

5. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆப்டோமெட்ரி கையால் கற்கும் தொழில். ரெட்டினோஸ்கோப் என்ற கருவியின் ஒளிக்கீற்றை நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தி, உள்ளிருந்து திரும்பும் ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி அந்த நகர்வை நிறுத்தி, பவரைக் கண்டுபிடிக்க வேண்டும். 67 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் விடையிலிருந்து 1.50 டையாப்டர் கழிக்க வேண்டும் என்ற கணக்கை ஒரு வகுப்பில் படித்துவிடலாம். அந்த ஒளியின் நகர்வைத் தயக்கமில்லாமல் அடையாளம் காண்பது, நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்த பிறகுதான் வரும். பேசத் தெரியாத குழந்தைக்கும் கண்ணாடி எழுத முடிவது இந்தத் திறமையால்தான். ஆகவே நோயாளிகள் வராத கல்லூரியில் எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தாலும் படிப்பு பாதியில் நிற்கிறது.

சென்னையில் 1985இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி சங்கர நேத்ராலயாவோடு இணைந்தது, ஹைதராபாத்தில் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும், டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் அறிவியல் மையமும் இப்படிப்பை நடத்துகின்றன. இவை எல்லாவற்றிலும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையே சுவர் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இவற்றில் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். ஆனால் கிடைக்கும் கல்லூரியை இதே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

நேரில் போகும்போது அலுவலகத்தில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கண்டு பேசுங்கள். மருத்துவமனை கல்லூரி வளாகத்திலேயே இருக்கிறதா, அல்லது வாரம் ஒரு நாள் பேருந்தில் அழைத்துப்போகிறார்களா? மாணவர் எந்த ஆண்டிலிருந்து நோயாளியைத் தன் கையால் சோதிக்கிறார்? கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவிகள் எத்தனை, அதைச் சுற்றி நிற்கும் மாணவர்கள் எத்தனை பேர்? கான்டாக்ட் லென்ஸ், குறைபார்வை, மாறுகண் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளனவா? பாடம் நடத்துகிறவர்களில் எம்.ஆப்டம் என்ற ஆப்டோமெட்ரி மேற்படிப்புப் படித்தவர்கள் எத்தனை பேர்? கடந்த ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இவற்றுக்கு மாணவர்கள் சொல்லும் பதிலையும் அலுவலகம் சொல்லும் பதிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் போன ஒரு கல்லூரியில் "எங்களுக்குப் பெரிய மருத்துவமனையோடு ஒப்பந்தம் உண்டு" என்றார்கள். ஒப்பந்தத்தின் நகலைப் பார்க்கலாமா என்று கேட்டதும் பேச்சு கட்டணத்துக்குத் திரும்பிவிட்டது. அன்றே அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

6. சான்றிதழ்களை மே மாதத்துக்கு முன்பே தயாராக்குங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக விண்ணப்பம் நகர வேண்டியிருப்பதால், சாதாரண நாட்களில் ஒரு வாரத்தில் வரும் சான்றிதழுக்கு அப்போது மூன்று வாரம்கூட ஆகலாம். எனவே பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வருவாய்த் துறைச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய். முதன்முறை போகிறவர்களுக்குக் 'கேன்' என்ற குடிமக்கள் கணக்கு எண் உருவாக்கித் தருவார்கள். அந்த எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் பத்திரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் திருப்பப்பட்டிருக்கிறதா என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டும், யாரும் அழைத்துச் சொல்ல மாட்டார்கள்.

தேவைப்படுபவை இவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான பள்ளிச் சான்று, ஆதார் அட்டை, ஒரே மாதிரியான கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ். அந்த ஏழு ஆண்டுப் படிப்பில் ஓர் ஆண்டாவது வெளிமாநிலத்தில் படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் அதை நேட்டிவிட்டி என்று சொன்னால் உடனே புரியும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர் அளவில்தான் வழங்கப்படும். அதற்கு விசாரணை நீளும் என்பதால் அவர்கள் மற்றவர்களைவிடச் சில மாதம் முன்பே தொடங்குவது அவசியம்.

குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டம் படிக்கப்போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெறுவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை இதைக் கொண்டுதான் கிடைக்கிறது. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. மூத்த பிள்ளை ஏற்கெனவே இச்சலுகையைப் பெற்றிருந்தால் இளையவருக்குக் கிடைக்காது.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம் அல்லாத வேறு வாரியத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் சேரும்போது அப்பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். கட்டணமும் உண்டு, நேரமும் பிடிக்கும். சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தேர்வுப் பதிவின்போது சிக்கல் வரும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலையவைப்பது பெயரும் இனிஷியலும்தான். மதிப்பெண் சான்றிதழில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா சண்முகம்", சாதிச் சான்றிதழில் தந்தை பெயரில் ஓர் எழுத்துக் குறைவு என்று இருந்தால், ஒவ்வொரு சரிபார்ப்பிலும் தனித்தனியாக விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து மற்ற ஆவணங்களைத் திருத்துவதுதான் எளிது.

7. விண்ணப்பமும் கலந்தாய்வும்

அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான இணையவழி விண்ணப்பம் ஒன்றே போதும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவையும் பி.ஆப்டமும் அதே விண்ணப்பத்தில் வரும். பெரும்பாலும் மே இறுதிக்கும் ஜூலைக்கும் நடுவில் விண்ணப்பம் திறக்கும். சில வாரங்களே அவகாசம் இருக்கும். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை வெளியாகி, அதன்பின் சுற்றுச் சுற்றாகக் கலந்தாய்வு நடக்கும். இயற்பியலும் வேதியியலும் பொதுத் தேவை. மூன்றாவது பாடமாக உயிரியல்தான் வேண்டுமா, கணிதமும் ஏற்கப்படுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கணிதப் பிரிவு மாணவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் கையேட்டில் இதைப் பார்த்துவிட வேண்டும்.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது "இது நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது" என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். ஒதுக்கீடு தரவரிசைப்படி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து நடக்கிறது. கிடைக்காத இடத்தை முதலில் எழுதியதால் அடுத்த இடம் பறிபோகாது. பட்டியலைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஒவ்வொரு வரியிலும் படிப்பின் பெயரையும் கல்லூரியின் ஊரையும் உரக்கப் படித்துச் சரிபாருங்கள்.

தனித்து நுழைவுத்தேர்வும் நேர்காணலும் நடத்தும் நிறுவனங்களின் தேதிகள் வேறு. எய்ம்ஸுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், பிளஸ் டூ முடிவுக்கு முன்பே வரும் அடிப்படைப் பதிவைத் தவறவிட்டால் பிறகு அந்த ஆண்டு விண்ணப்பிக்கவே முடியாது. ஜனவரி முதல் இந்த இணையதளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள்.

கலந்தாய்வு தாமதமாகும் என்ற பயத்தில் பலர் ஒரு கலைக் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ முன்பணம் கட்டி, அசல் மாற்றுச் சான்றிதழையும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு இங்கே இடம் கிடைக்கும்போது சான்றிதழைத் திருப்பித் தர அங்கே இழுத்தடிக்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழுவின் விதி இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். எங்கே எதைக் கொடுத்தாலும் கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள்.

8. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

அரசு நிறுவனங்களில் கல்விக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேலும் கேட்கிறார்கள். கவனிக்க வேண்டியது, முதல் ஆண்டில் சொல்லும் தொகை மட்டும் கணக்கல்ல என்பதுதான். பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், வெள்ளை மேலங்கி, ஆய்வகம், பேருந்து, விடுதி ஆகியவை தனி. பயிற்சி ஆண்டுக்கும் கட்டணம் உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சில இடங்களில் அந்த ஆண்டு மாணவருக்கு உதவித்தொகை தருகிறார்கள், சில இடங்களில் மாணவரிடமே முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். நான்கு ஆண்டுக்கான கட்டண விவரத்தைக் கல்லூரியின் முத்திரையோடு கடிதமாக வாங்கிக்கொண்டால் வங்கிக்கும் உதவும், பின்னால் வரும் தகராறுக்கும் உதவும்.

கருவிகளைச் சொந்தமாக வாங்கச் சொல்லும் கல்லூரிகள் பல. ரெட்டினோஸ்கோப், கண்ணின் உட்புறம் பார்க்கும் ஆப்தல்மோஸ்கோப், சோதனை லென்ஸ்களை மாட்டிப் பார்க்கும் பிரேம், கண் மறைப்பான், கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் அளவுகோல் ஆகியவை அந்தத் தொகுப்பில் இருக்கும். உள்நாட்டுத் தயாரிப்பைவிட ஹைனே, கீலர் போன்ற வெளிநாட்டு நிறுவனக் கருவிகளின் விலை பல மடங்கு அதிகம். முதல் ஆண்டிலேயே அவசரப்பட்டு வாங்க வேண்டாம். செய்முறை எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, ஆசிரியரைக் கேட்டு, படிப்பை முடித்துப் போகும் மூத்த மாணவரிடம் நல்ல நிலையில் உள்ளதை வாங்கலாம். ரெட்டினோஸ்கோப்பில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். மங்கலான ஒளியில் பழகிய கண் தவறாகவே பழகிவிடும்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்பதில்லை, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்பார்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், முடிந்த மாதங்களில் வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் பிற்பாடு சுமை குறையும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். அலுவலகம் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

9. பயிற்சி ஆண்டை வீணாக்காதீர்கள்

பயிற்சி ஆண்டில் பார்க்கும் நோயாளிகளைப் பதிவேட்டில் அன்றன்றே எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். மாத இறுதியில் மொத்தமாக எழுதுவது பலருடைய வழக்கம். கையொப்பமிட வேண்டியவர் வேறு ஊருக்கு மாறிவிட்டால் அந்த மாதமே கேள்விக்குறியாகிவிடும். ஒரே பிரிவில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், வேறு பிரிவுக்கு மாற்றும்படி பணிவோடும் விடாமலும் கேட்க வேண்டும். ஆண்டு முழுக்கக் கண்ணாடி பவர் மட்டும் பார்த்தவருக்கும் கான்டாக்ட் லென்ஸ், கண் அழுத்தம், பார்வைப் புலச் சோதனை, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. என்று சுற்றி வந்தவருக்கும் நேர்காணலில் நன்றாகவே வேறுபாடு தெரியும்.

10. பதிவு, முதல் வேலை, வெளிநாடு

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆப்டோமெட்ரிஸ்டுகள் மாநிலக் குழுமத்தின் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டம் கைக்கு வந்ததும் தள்ளிப்போடாமல் இதைச் செய்யுங்கள். தொழில் சங்கங்களில் உறுப்பினராவது நல்லதுதான் என்றாலும், அந்த உறுப்பினர் அட்டை இந்தச் சட்டப்பூர்வப் பதிவுக்கு ஈடாகாது.

தொடக்கச் சம்பளம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் இருக்கிறது. பெரிய கண்ணாடிக் கடைத் தொடர்கள் சற்றுக் கூடுதலாகத் தரும், ஆனால் விற்பனை இலக்கும் சேர்ந்து வரும். முதல் இரண்டு ஆண்டு மருத்துவமனையில் வேலை பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். நோய் கண்டறியும் பழக்கம் அங்கேதான் உறுதிப்படும். பணி ஒப்பந்தத்தில் "இரண்டு ஆண்டு கட்டாயம், அசல் சான்றிதழ் எங்களிடம்" என்ற நிபந்தனை இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தக் காலத்தைப் பற்றிப் பேசலாம், அசல் சான்றிதழைப் பற்றிப் பேசவே கூடாது. அரசுப் பக்கம் நாட்டமுள்ளவர்கள் ரயில்வே தேர்வு வாரியத்தின் மருத்துவம் சார்ந்த பணியிட அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும், அதில் ஆப்டோமெட்ரிஸ்ட் பணியிடமும் வரும்.

வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புகிறவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டு அனுபவம், டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியான ஆவணச் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும். சரிபார்ப்பவர்கள் உங்கள் கல்லூரிக்கும் பழைய மருத்துவமனைக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். ஆகையால் வேலையை விடும்போதே, பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரப் பணி என்ற குறிப்பு, பதில் சொல்லும் அதிகாரியின் அலுவலக முகவரி ஆகியவை உள்ள அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் நம் பட்டத்தைக் கொண்டு நேரடியாகப் பணிசெய்ய முடியாது. அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் மதிப்பீட்டையும் தேர்வையும் கடக்க வேண்டும். அமெரிக்காவில் பட்டத்துக்குப் பிறகு ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) என்ற நான்கு ஆண்டுப் படிப்பைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

கடவுச்சீட்டை மூன்றாம் ஆண்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தந்தை பெயரை முழுதாக எழுதும்போது, பட்டச் சான்றிதழில் வெறும் இனிஷியல் மட்டும் இருந்தால் டேட்டாஃப்ளோவில் கேள்வி எழும். பட்டத்துக்கான பெயர் விவரத்தைக் கல்லூரி இறுதி ஆண்டில் கேட்கும்போது, கடவுச்சீட்டில் உள்ளபடி இனிஷியலை விரித்து எழுத அனுமதி உண்டா என்று விசாரியுங்கள்; அது முடியாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதன் நகலை எல்லா விண்ணப்பங்களோடும் இணைத்து அனுப்புங்கள்.